சாமான் அறையிலிருந்து பார்த்த கல்யாணம்

மகன் கல்யாணத்தை மாதம்மா சாமான் அறைக்குள் உட்கார்ந்துதான் பார்த்தாள். மேடைக்குப் பின்னால் ஒரு கதவு. அதைத் தாண்டினால் தேங்காய் மூட்டையும் வாழையிலைக் கட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளும். அவற்றுக்கு நடுவே இடம் ஒதுக்கி ஒரு மடக்கு மேசை. மேசைமேல் மகள் தீபாவின் கருவிகள். சின்னச் சின்னதாக மூன்று டிவி, பக்கத்தில் கொஞ்சம் பெரிதாக ஒன்று, முன்னால் வரிசையாகப் பொத்தான்கள் வைத்த ஒரு பலகை. மாதம்மாவுக்கு ஒரு நாற்காலியை உருவிப் போட்டிருந்தாள் தீபா.

வெளியே மைசூருக்கே உரிய ஆவணித் தூறல். விடவும் விடாது, பெய்யவும் பெய்யாது. ரிங் ரோட்டு ஓரத்து மண்டபம். உள்ளே முந்நூறு பேர் உட்காரலாம். ராமாபுரத்திலிருந்தும் ஹனூரிலிருந்தும் வந்த மூன்று பஸ் ஜனமும், பெண் வீட்டாரின் மைசூர் ஜனமும் எங்கே கொள்ளும்? பாதிக்கு மேல் வெளியே தகரப் பந்தலில். அவர்களுக்காகத்தான் பந்தலின் கோடியில் ஒரு பெரிய எல்.இ.டி. திரை. மேடையில் நடப்பது அப்படி அப்படியே அதில் தெரியும். ரவைக் காராபாத்தைத் தின்றுகொண்டே மாப்பிள்ளையின் மூக்கில் வேர்வை அரும்புவதைக்கூடப் பார்க்கலாம்.

"அந்தப் பெரிய திரையில எதைக் காட்டறதுங்கறதை நீதான் சொல்றியா கண்ணு?" என்று கேட்டாள் மாதம்மா.

"ஆமாம்மா. இந்த மூணு டிவியும் மூணு கேமரா. ஒண்ணு, கூடத்து நடுவுல கெம்பையண்ணன். ரெண்டு, மேடைமேல தோள்ல தூக்கிட்டு ரத்தினசாமி. மூணு, அந்தக் கிரேனு, பசவராஜு. நான் எந்தப் பொத்தானை அமுக்கறனோ அது இந்தப் பெரிய டிவியில வரும். இதுல வர்றதுதான் வெளிய ஜனம் பாக்கறது."

"ஆகமொத்தம் நீ காட்டுனாத்தான் கல்யாணம்."

தீபா சிரித்தாள். காதில் மாட்டியிருந்த ஹெட்போனின் மைக்குக் குச்சியை வாய்க்கு நேராக இழுத்துவிட்டு, "ரத்தினசாமி, பொண்ணோட கைய விடு, மருதாணிய நேத்துப் பூராப் பாத்தாச்சு. தம்பி மொகத்துக்கு வா. கெம்பையண்ணா, கொஞ்சம் அகலமா," என்றாள். அவள் சொல்லச் சொல்லச் சின்ன டிவிகளில் படம் நகர்ந்தது. மாதம்மாவுக்கு அது, ஏர் பூட்டினவன் வாயசைத்ததும் மாடு திரும்புகிற மாதிரி இருந்தது.

மேசைமேல் தனியாக ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி. கேமராக்காரர்கள் பேசுவது அதில் கேட்கும். பசவராஜின் குரல் வந்தது.

"அக்கா, பந்தல்ல உங்க ஊரு அம்மா ஒருத்தரு ஸ்கிரீனுக்கு ஆரத்தி எடுக்கறாங்க. குங்குமத் தண்ணிய ஊத்தினா பேனலு போயிடும், நோடி, பாருங்க!"

"யாரு? சேப்புச் சீலையா?"

"சேப்புச் சீலை, ரெண்டு பக்கமும் மூக்குத்தி."

"அது எங்க சின்ன நங்கையா, உன்ற அத்தைதான்," என்றாள் மாதம்மா. "மாப்பிள்ளைக்குத் திருஷ்டி கழிக்கறா. கூட்டத்துல மேடைக்கிட்டப் போக முடியாதவளுக்கு அதுதான் மாப்பிள்ளை."

"மாப்பிள்ளை மேல தண்ணி பட்டாத் தொடச்சுக்கலாம்மா. அதுமேல பட்டா நான் தெருவுலதான் நிக்கோணும். பசவராஜு, நைசாப் பேசி உக்கார வை. கேசரிபாத்து வாங்கிக் குடு."

இந்தத் தொழில் மருமகன் தருண்குமார் வைத்தது. தீபா அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே பொத்தான் பழகினாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே ஆவணியில் டெங்கு வந்து ஆறு நாளில் அவன் போய்விட்டான். பதினாறாம் நாள் கழிந்த மறுவாரமே நஞ்சன்கூட்டில் ஒரு கல்யாணம்; முன்னமே ஒப்புக்கொண்டது. கெம்பையன் வீட்டு வாசலில் வந்து நின்று, "கேமரா யூனிட்ட வித்துரலாமா, இல்ல நீங்க வர்றீங்களா தீபம்மா?" என்று கேட்டான். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டாள். அன்றிலிருந்து எத்தனை கல்யாணமோ. எல்லாம் மேடைக்குப் பின்னாலிருந்துதான். முன்னால் வராதவரை யாருக்கும் அவள் நெற்றியைப் பார்க்கும் வேலை இல்லை.

மாதம்மாவும் அதே மாதிரிதான். புருஷன் போய் ஒன்பது வருஷம். இன்றைக்கு மேடையில் மகனுக்குத் தாய் தகப்பன் ஸ்தானத்தில் நின்றது மூத்தார் லிங்கப்பனும் அவர் சம்சாரம் தேவம்மாவும். விடியக்காலையில் கவின்ராஜ் காலில் விழ வந்தபோதுகூட, "போ சாமி, நல்லா இரு," என்று இரண்டடி தள்ளி நின்றே சொல்லி அனுப்பினாள். அப்புறம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் மகளிடம் வந்து ஒண்டிக்கொண்டாள்.

"சாப்டியாம்மா?"

"ஆச்சு. காராபாத்து. பொண்ணு ஊட்டுக்காரங்க ரவையில காயைப் போட்டிருக்காங்களா, காயில ரவையைப் போட்டிருக்காங்களான்னு தெரியல. பெரியவரு ரெண்டு தடவை வாங்கித் தின்னுபோட்டு, 'ருசியே இல்லை'ங்கறாரு."

"பெரியப்பன் எதுக்குத்தான் ருசி இருக்குதுன்னு சொல்லியிருக்காரு?"

"கத்திப் பேசாத கண்ணு."

பெண் உள்ளே அலங்காரத்துக்குப் போயிருந்தாள்; பெரிய டிவியில் கவின்ராஜ் மட்டும் பட்டு வேட்டியும் தலையில் உருமாலுமாக உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அருமைக்காரர், மாப்பிள்ளை வீட்டுச் சீரையெல்லாம் நடத்திவைக்கிற பெரியவர், மூங்கில் பேழையில் கூறைச்சேலையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அவர் சட்டையில் குத்தியிருந்த மைக்கில் குரல் கரகரத்தது.

"இணைச்சீருங்கோ. மாப்பிள்ளைக்கு ஒடம்பொறந்தவ வரலாமுங்கோ."

மாதம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர்கள் கூட்டத்தில் இணைச்சீர் இல்லாமல் தாலி ஏறாது. கூறைச்சேலையின் ஒரு தலைப்பு மாப்பிள்ளை கையில், மறு தலைப்பு அக்காள் தங்கச்சி கையில். 'புதுசா ஒருத்தி வந்தாலும் பொறந்தவளை விடமாட்டேன்' என்று ஊரறியச் சொல்லுகிற சீர் அது. கவின்ராஜுக்கு ஒரே அக்காள் தீபா. ஆனால் மேடை ஏறினவள் லிங்கப்பன் மகள் நாகரத்னா. காசுமாலை, ஒட்டியாணம், நடந்தால் மணியடிக்கும் கொலுசு. ஏறும்போதே கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்பு.

தீபா பொத்தானை அமுக்கினாள். "ரெண்டு. ரத்தினசாமி, சேலையில ஆரம்பிச்சு நாகரத்னா மொகத்துக்கு மெதுவா ஏறு. நகை பளபளங்குது, லைட்டை நேரா விடாத." குரலில் ஒரு பிசிறு இல்லை. அந்தப் பிசிறில்லாத குரல்தான் மாதம்மாவை என்னவோ செய்தது.

"நாகு நல்லாருக்கறா இல்லம்மா?"

"ம்."

"கண்ணுக்கு மை கொஞ்சம் எச்சா." பொத்தான் பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, அம்மாவைப் பார்க்காமலே கேட்டாள்: "ஒண்ணு கேக்கறேன், இப்பக் கேக்கறதுக்கு வையாத. கவினு மூணு வாரமா எங்கூடப் பேசலை. நான் வராட்டிப் பரவால்ல. முடியாதுன்னு எனக்கே தெரியும். ஆனா 'அக்கா, நீ வருவியா'ன்னு ஒரு வார்த்தை வாய்க்காச்சும் கேட்டிருக்கலாமில்ல?"

மாதம்மா இலைக்கட்டிலிருந்து ஒரு நார் பிரிந்து நீட்டிக்கொண்டிருந்ததை இழுத்தாள்.

"லைவு எங்கையிலதான் இருக்கோணும், வேற யாரையும் நம்பமாட்டேன்னு அவன் சொன்னதா நீ சொன்ன. அது சரி. அதையும் நீதானே வந்து சொன்ன? அவன் சொல்லலியே."

"சொல்லலை," என்றாள் மாதம்மா.

"என்ன?"

"அவன் அப்படிச் சொல்லவே இல்லை கண்ணு. உன்ற பெரியப்பன்தான் சொன்னாரு. 'அந்தப் புள்ளைய லைவுல உக்கார வெச்சுப்போடு, அப்ப மேடைக்கு வர வேண்டிய பேச்சே வராது, அதும் மனசும் நோகாது'ன்னாரு. எனக்கும் அதுதான் சரின்னு பட்டுது. உனக்கு ஒரு மாதிரி சொன்னேன். அவனுக்கு ஒரு மாதிரி சொன்னேன்."

"அவனுக்கு என்ன சொன்ன?"

"அக்காளே வல்லைன்னுட்டா. மேடைமேல நின்னா தருணு நெனப்பு வந்துரும், எங்கிட்ட இதைப் பத்திக் கேக்கவே வேண்டாம்னு சொல்லிட்டான்னேன்." நார் அறுந்து கையோடு வந்தது. "அவன் பிடிவாதம் புடிச்சான். நான் கேட்டே தீருவேன்னு வண்டிச்சாவிய எடுத்தான். 'கேட்டீன்னா அவ கல்யாணத்துக்கே வரமாட்டா'ன்னு சொல்லி நான்தான் நிறுத்துனேன்."

டிவியில் அருமைக்காரர் மஞ்சள் தண்ணீரைத் தெளித்துக்கொண்டிருந்தார். அவள் கை தன் பாட்டுக்குப் போய் மூன்றை அமுக்கியது. கூட்டமெல்லாம் மேலிருந்து தெரிந்தது. பிறகு ஒன்று. பிறகு இரண்டு.

"ரெண்டு பேரையும் ஆளுக்கொரு பக்கமாத் திருப்பிவிட்டுட்டியேம்மா," என்றாள் கடைசியில். "நான் அவனைக் கருங்கல்லுன்னு நெனச்சிட்டிருந்தேன். அவன் என்னையக் கருங்கல்லுன்னு நெனச்சிட்டிருப்பான்."

"பயந்துபோட்டேன் கண்ணு. ஊரு ஒரு வாய் பேசுச்சுன்னா நீ தாங்கமாட்டேன்னு..."

"நான் தாங்காம இருந்தது எதைம்மா?"

அந்நேரம் பெட்டியிலிருந்து கெம்பையனின் குரல் வந்தது. வழக்கமாகச் சத்தமாகப் பேசுகிறவன், தணிந்து பேசினான்.

"தீபம்மா. உங்க மைக்கு ஆன்லயே இருக்கு. பட்டனு மறந்துட்டீங்க."

தீபா ஹெட்போன் கம்பியில் இருந்த சின்ன டப்பாவைத் தூக்கிப் பார்த்தாள். அதில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பேசும்போது அமுக்கி, பேசி முடித்ததும் மறுபடி அமுக்கவேண்டிய பொத்தான். எத்தனையோ கல்யாணத்தில் மறக்காதவள் தம்பி கல்யாணத்தில் மறந்துவிட்டாள்.

"எப்பருந்து?"

"நாகரத்னம்மா கண்ணு மையிலிருந்து," என்றான் பசவராஜ், கிரேனிலிருந்து. "எல்லாம் கேட்டுட்டோம்க்கா. பேஜார் மாட்கோபேடி, வருத்தப்படாதீங்க."

"ரத்தினசாமி?" என்றாள் தீபா.

இரண்டாம் டிவியில் படம் கோணலாகி, மாப்பிள்ளையின் தோள் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. ஒன்றாம் டிவியில் பார்த்தால் விஷயம் விளங்கியது. ரத்தினசாமி கேமராவைத் தோளில் வைத்தபடியே குனிந்து, மாப்பிள்ளையின் காதுக்குள் பேசிக்கொண்டிருந்தான்.

"அடப் பாவி," என்றாள் தீபா.

கவின்ராஜ் ஒரு தடவை தலையாட்டினான். அப்புறம் இன்னொரு தடவை. ரத்தினசாமி எழுந்து பின்னால் போய், படத்தைச் சரிசெய்தான்.

"புடிச்சுக்க சாமி," என்று அருமைக்காரர் கூறைச்சேலையின் ஒரு தலைப்பைக் கவின்ராஜிடம் கொடுத்தார். வாங்கிக்கொண்டான். மறு தலைப்பை நாகரத்னாவிடம் நீட்டப் போனார். கவின்ராஜ் நடுவில் கையை வைத்து அதையும் வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டான்.

"என்னப்பா இது?" என்றார் அருமைக்காரர்.

கவின்ராஜ் நிமிர்ந்து, நேராகக் கேமராவைப் பார்த்தான். சாமான் அறையில் மாதம்மாவை அவன் பார்க்கிற மாதிரி இருந்தது. வெளியே பந்தலில் ஜனம் அத்தனை பேருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"அக்கா," என்றான். அருமைக்காரர் சட்டை மைக்கில் அது நன்றாகவே கேட்டது. "நீ வா. எனக்கு இப்பத்தான் தெரியும். நான் இப்படியே உக்காந்திருக்கறேன்."

தீபா சட்டென்று ஒன்றை அமுக்கினாள், மேடை முழுவதும் தெரியட்டும், அவன் முகம் மட்டும் இப்படி மலை மாதிரி வேண்டாம் என்று. ஒன்றில் கெம்பையன் ஏற்கெனவே நெருங்கிவந்திருந்தான், கவின்ராஜின் முகம். மூன்றை அமுக்கினாள். கிரேன் கூட்டத்தின் தலைக்கு மேலாக நீந்திவந்து மேடைக்கு நேரே நின்றிருந்தது, கவின்ராஜின் முகம். மறுபடி இரண்டு. அங்கேயும் அவன்தான்.

"கெம்பையண்ணா, அகலத்துக்குப் போங்க. பசவராஜு, கூட்டத்தைக் காட்டு. சொல்றது கேக்குதா?"

"கேக்கலை தீபம்மா," என்றான் கெம்பையன். "கேபிள்ல ஏதோ ப்ராப்ளம்."

"எனக்கும் கேக்கலை," என்றான் பசவராஜ்.

"கேக்காமயேதான் பதில் சொல்றீங்களா?"

பந்தல் பக்கமிருந்து ஒரு சலசலப்பு மட்டும் சுவரைத் தாண்டி வந்தது.

மேடையில் நாகரத்னா இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒட்டியாணத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "மாமா, எனக்குக் காலு மரத்துப்போச்சு. நான் எறங்கிக்கறேன்," என்று அருமைக்காரரிடம் சொல்லிவிட்டு, போகிற போக்கில் கவின்ராஜ் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள். "இதை முந்தியே சொல்லியிருந்தா நான் ஒரு மணிநேரம் தூங்கியிருப்பேன்டா." பந்தலில் சிரிப்பு எழுந்தது.

சாமான் அறைக் கதவு படாரென்று திறந்தது. லிங்கப்பன். மேல்துண்டு ஒரு பக்கம் சரிந்திருந்தது.

"மாதம்மா, என்ன கூத்து இது? அந்தப் பெரிய திரையில ஊரே பாக்குது. பொண்ணு ஊட்டுக்காரங்க எங்கிட்ட வந்து 'ஏனு சமாச்சாரா', என்ன விஷயம்னு கேக்கறாங்க. நான் என்னன்னு சொல்ல?" தீபாவைப் பார்த்து, "அம்மிணி, முதல்ல அதை நிறுத்து. எதாச்சும் பூவு, சாமி படம், எதையாச்சும் போடு," என்றார்.

தீபாவின் விரல் அசையவில்லை. "நான் வேலையில இருக்கறேன் பெரியப்பா. என்னை மேடைக்கு யாரும் இழுத்துட்டுப் போக முடியாது, பயப்படாதீங்க."

"அப்படிச் சொல்லு. நீ புத்திசாலி. மாதம்மா, நீயே போய் அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு. நீ சொன்னாக் கேப்பான்."

கேட்பான். மாதம்மாவுக்கு அது தெரியும். மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டுதானே இருந்தான்? ஒரு பொய்யை இந்தப் பக்கமும் ஒரு பொய்யை அந்தப் பக்கமும் வைத்து அடைகொடுத்த மாதிரி இரண்டு பிள்ளைகளையும் அசையாமல் நிறுத்தியிருந்தாள். இன்னும் ஒன்று சொன்னால் போதும். முகூர்த்தம் நடந்துவிடும், ஊர் வாய் அடங்கிவிடும், மகள் இந்த மேசையிலேயே இருந்துவிடுவாள். இன்றைக்கு மட்டுமல்ல.

"சொல்றேனுங்க," என்று எழுந்தாள். எழுந்தவள் கதவுப் பக்கம் போகவில்லை. தீபாவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். "கண்ணு, எந்திரி."

"அம்மா?"

"எந்திரிங்கறேன். அவன் சேலைத் தலைப்ப மடியில வெச்சுட்டு உக்காந்திருக்கறான்."

லிங்கப்பன் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "புள்ள, யோசிச்சுப் பேசு. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேனுங்க மாமா." மூத்தாரிடம் இவ்வளவு நேரம் நின்று பேசினது அவளுக்கே புதுசாக இருந்தது. ஆனாலும் குரல் ஏறவில்லை. "என்ற கல்யாணத்துல மஞ்சளும் குங்குமமுமா இருந்தவங்கதான் அத்தனை சீரும் பண்ணுனாங்க. இவ கல்யாணத்துக்கும் அப்படித்தான். தேவம்மாக்காதான் முன்ன நின்னாங்க, மறக்கலை. என்ற ஊட்டுக்காரரு இருக்கறாரா? தருணு இருக்கறானா? கைராசி பாத்துப் பாத்து எல்லாம் சரியாத்தானே செஞ்சோம்?"

லிங்கப்பன் கொஞ்சநேரம் பெரிய டிவியைப் பார்த்தபடி நின்றார். அதில் அவர் தம்பி மகன் கண்ணிமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப நேரத்தைப் போக்காதீங்க," என்றார் முனகலாக. "முகூர்த்தத்துக்கு இன்னும் இருவது நிமிஷந்தான் இருக்குது." சொல்லிவிட்டு வெளியே போனார். கதவை இந்தத் தடவை மெதுவாகச் சாத்தினார்.

தீபா எழுந்து நின்றாள். வெள்ளைப் புள்ளி போட்ட கறுப்புச் சுடிதார். கழுத்தில் யூனிட் அட்டை தொங்கியது. "இப்படியேவா போறது?"

"இப்படியேதான். அவன் கூப்பிட்டது உன்னைத்தான், சீலைய இல்லை."

"யாரும்மா இங்க உக்காருவா?"

"நான் உக்காந்துக்கறேன்."

"உனக்கு என்ன தெரியும்?"

"தெரியாதுதான். நீ போ."

தீபா ஹெட்போனைக் கழற்றி அம்மாவின் தலையில் மாட்டினாள். கொண்டையில் இடித்தது, கொஞ்சம் மேலே ஏற்றி வைத்தாள். குச்சியை வாய்க்கு நேராகத் திருப்பினாள். பிறகு, சின்னப் பிள்ளையில் பள்ளிக்கூடம் போகும்போது செய்கிற மாதிரி, அம்மாவின் முந்தானையால் தன் முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

மாதம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். எதையும் தொடாமல் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். பெரிய டிவியில் கவின்ராஜின் முகம் இன்னும் அப்படியே இருந்தது. பிறகு அந்த முகம் மேடையின் ஓரத்துக்குத் திரும்பியது. அவன் கண்ணில் தண்ணீர் ஊறியது. வாய் மட்டும் சிரித்தது. யார் வருகிறார்கள் என்று அந்த முகத்தைப் பார்த்தே தெரிந்தது. ஆனால் வருகிறவள் தெரியவில்லை. பந்தலில் ஜனம் எழுந்து நிற்கிற சத்தம், நாற்காலிகள் தரையில் இழுபடுகிற சத்தம். படத்தில் ஒரு கறுப்புச் சுடிதாரின் கை மட்டும் உள்ளே வந்து, அவன் தூக்கி நீட்டிய சேலைத் தலைப்பைப் பிடித்தது.

"தீபம்மா... இல்ல, அம்மா," காதுக்குள் கெம்பையன் கேட்டான். "என்ன பண்ணட்டும்? எப்படிக் காட்டட்டும்? சொல்லுங்கம்மா."

மாதம்மா குச்சியைக் கையால் பிடித்துக்கொண்டாள், போன் பேசுகிற மாதிரி.

"கேக்குதாப்பா?"

"கேக்குதும்மா. எல்லாருக்கும் கேக்குது."

"கொஞ்சம் பின்னால போங்க சாமிகளா," என்றாள். "எம் புள்ளைக ரெண்டும் ஒண்ணாத் தெரியட்டும்."